கழித்தல் பத்தொன்பது பேர்

இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரே ஒரு கக்கூஸ் உள்ள எங்கள் வீட்டில் நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் குடியிருந்தோம். சண்டை கிடையாது, வரிசை கிடையாது, எல்லோரும் பல் தேய்த்துவிட்டுத்தான் காப்பி குடித்தோம். அதே வாரத்தில் எங்கள் எதிர்வீட்டில் கழித்தல் பத்தொன்பது பேர் இருந்தார்கள். கழித்தல் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே. வெளியிலிருந்து பத்தொன்பது பேர் வந்து உட்கார்ந்தால்தான் அது ஆளே இல்லாத வீடு என்ற நிலைமைக்காவது வரும்.

நம்ப மாட்டீர்கள். ஆனால் முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக நின்றவன் நான். ஐம்பத்தைந்து பேர் உட்காரும் வண்டியில் இருநூறு பேரை ஏற்றி, அதில் எத்தனை பேருக்கு ஜலதோஷம் என்பதுவரை சொல்வேன். தலை எண்ணுவதில் எனக்குப் பிழை வராது. எங்கள் ஒன்பதாவது மாடியில் இந்தக் கணக்கை நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் அந்தக் கழித்தல் வீட்டுக்காரர்.

பொருநை நகர் என்று ஒன்று நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே எழும்பியது. ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு துளி மின்சாரம், ஒரு வெங்காயத் தோல்கூட வீணாகாத நகரம். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு கணினி மூளை. பெயர் பசுமதி. எந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கு மட்டும் தண்ணீர், கரண்ட், லிப்ட் எல்லாம் அளந்து விடும். ஆள் இல்லாத வீட்டுக்கு எதுவும் கிடையாது.

வீட்டுக்குள் எத்தனை பேர் என்று அதற்கு எப்படித் தெரியும்? உள்ளே கேமரா வைக்கக் கூடாது, நடமாட்டத்தைப் பார்க்கும் கருவி எதுவும் கூடாது என்று நாங்கள்தான் கொடி பிடித்துப் போராடி வாங்கினோம். அதனால் வாசல் நிலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு பதித்தார்கள். வாசற்காது என்று பெயர். போகும்போதும் வரும்போதும் அதன் முன்னால் வாயால் சொல்ல வேண்டும். அது கேட்டு எண்ணிக்கொள்ளும்.

எதிர்வீடு 9-பி. வீட்டுக்காரர் பெயர் இங்கர்சால். பகுத்தறிவு மேடைப் பேச்சாளரான அவருடைய அப்பா, ஒரு அமெரிக்க நாத்திகரின் நினைவாக ஆசையாக வைத்த பெயர். ஓய்வுபெற்ற சர்வேயர். ராகுகாலத்தில் தாலி கட்டியவர், பூனை குறுக்கே போனால் அதற்கு வழிவிட்டு வணக்கம் சொல்பவர். அளந்து பார்க்காத எதையும் நம்ப மாட்டார். கண்டக்டர் சொன்னால் அறவே நம்ப மாட்டார். அவர் மனைவி மணிமொழியம்மாவுக்கு நுரையீரல் சுருங்கிப்போய், மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினுமாக ஹாலில் வாசலைப் பார்த்த கட்டிலில் படுத்திருப்பார். தினம் காலையில் இங்கர்சால் நடக்கக் கிளம்புவார். வாசலில் நின்று நாடு கேட்கிற மாதிரி ஒரே வார்த்தை சொல்வார்.

"போறேன்."

என் வீட்டுக்காரி ரெஜினா ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

"ஏன் வே, கட்டில்ல கிடக்க பொம்பளகிட்ட இப்படியா சொல்லுவீரு? போயிட்டு வாரேன்னு சொன்னா வாய் வெந்துருமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போறவன் போறேன்னுதான் வே சொல்லணும். வாரேன்னு சொல்லிட்டுப் போறது பச்சைப் பொய். எங்கப்பா இருபது வருசம் மேடை போட்டுச் சொன்ன விசயம்."

"சரி, திரும்பி வரும்போதாவது வந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லலாம்லா?"

"நான் வந்து நிக்கது அவ கண்ணுக்குத் தெரியாதா? அதுக்கு ஒரு அறிவிப்பா?"

வாசற்காது வந்து மூன்றாம் நாள் அவர் வீட்டில் தண்ணீர் நின்றது. நாலாம் நாள் கரண்ட் போனது. ஆக்சிஜன் மெஷினில் பேட்டரி நாலு மணி நேரம்தான் தாங்கும். எங்கள் வீட்டிலிருந்து நடைபாதை குறுக்கே ஒரு ஒயர், ஒரு ஹோஸ் பைப். எங்கள் வீட்டில்தான் தண்ணீர் பீய்ச்சியடித்ததே! குழாயைத் திறந்தால் குற்றாலம். ஹாலில் கப்பல் விடலாம். காரணம் அப்போது தெரியவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு குப்பை அலுவலர் வந்தார். கையில் கணினிப் பலகை.

"உங்க வீட்டுல காய்கறிக் கழிவு நாளைக்கு நூத்தம்பது கிலோ வரணும் சார். முக்கா கிலோதான் வருது. மீதிய எங்க ஒளிக்கீங்க?"

"என்னய்யா சொல்லுத? நாங்க மூணு பேரு!"

"நானூத்திப் பன்னெண்டு பேரு சார்."

"எண்ணிப் பாரும். நான், என் வீட்டுக்காரி, மக ஷைனி."

"நான் எண்ணக் கூடாது சார். மனுசன் எண்ணுனா தப்பு வரும்." அவர் ஒரு எச்சரிக்கையைக் கதவில் ஒட்டிவிட்டு, "வாரேன் சார்" என்று இறங்கிப் போனார்.

நானூற்றுப் பதிமூன்று.

மறுநாள் வார்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஆஷிகா பானு என்றொரு பெண் பசுமை அலுவலர். மரியாதையான பெண். என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"இது உங்க வீட்டுப் பதிவு சார். காலைல ஆறு பத்து, 'வாரேன்'. வருகை ஒண்ணு. ஏழு இருபது, 'வாரேன்'. வருகை ஒண்ணு. செவ்வாய்க்கிழம சாயந்தரம் அஞ்சே முக்கால், முப்பத்திரெண்டு 'வாரேன்'. வருகை முப்பத்திரெண்டு."

"ஏழு இருபதுக்கு என் மக வேலைக்குப் போனாம்மா. செவ்வாய்க்கிழம ஜெபக்கூட்டம் முடிஞ்சு பொம்பளைங்க வீட்டுக்குப் போனாங்க."

"'வாரேன்'னுதான சார் சொல்லிருக்காங்க?"

"போகும்போது வேற என்னம்மா சொல்லுவாங்க?"

"'போறேன்'னு சொல்லணும் சார். கையேட்டுல பதினாலாம் பக்கம் போட்டிருக்கு."

பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கி, "ஏம்மா, விடிஞ்சதும் விடியாததுமா அந்த வார்த்தைய ஏன் சொல்லுத?" என்றார்.

"'போயிட்டு'ன்னும் சேத்துத்தானம்மா சொல்லுதோம்? அது காதுல விழலையா?" என்றேன் நான்.

"ஒரு தடவை பேசுனா கடைசி வினைச்சொல்ல மட்டும்தான் சார் எடுக்கும். தமிழ்ல கடைசியாத்தான முடிவு வரும், அதனால அப்படிப் பண்ணிருக்காங்க. 'போயிட்டு வாரேன்'ல கடைசி 'வாரேன்'. உள்ள வாராங்கன்னு எடுத்துக்கும்."

"நீ இன்னைக்குக் காலைல இறங்கும்போது உங்கம்மாகிட்ட என்ன சொன்ன?"

ஆஷிகா பானு கையேட்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தாள்.

"உங்க வீட்டுல எத்தன பேரும்மா?"

"நூத்தி எழுபத்தாறு" என்றாள் மெதுவாக.

"இத யாரும் திருத்த மாட்டாங்களா?"

அவள் சுவரைக் காட்டினாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் தங்க நிறத்தில் ஒரு பட்டயம். உலகத்திலேயே ஆளுக்குக் குறைவாகத் தண்ணீர் செலவழிக்கும் நகரம்.

"ஊருல இருக்கது எண்பதாயிரம் பேரு. பதிவுல எழுபத்தொரு லட்சம். ஆளுக்கு ரெண்டு டம்ளர் தண்ணியில குளிச்சு, துவைச்சு, சமைச்சு வாழுதோம் சார். திருத்துனா அத சுவத்துலயிருந்து கழட்டணும். மேல யாருக்கும் மனசு வரல."

"அப்ப எங்க எதிர்வீட்டுக்காரரு?"

"9-பி. அவரு மட்டும்தான் சார் கையேட்டுப்படி சரியா நடக்காரு."

"அவருக்குத்தானம்மா தண்ணி இல்ல!"

"ஆமா சார்" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. "ரெண்டு பேரு இருந்த வீடு. தினம் ஒருத்தர் போறாரு. யாருமே வரல. ஆளில்லாத வீட்டுல தண்ணி ஓடுனா அது கசிவு. கரண்ட் ஓடுனா திருட்டு. அதான் அடைச்சிருச்சு."

இதை இங்கர்சாலிடம் வந்து சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"வே கண்டக்டரு, ஒரு நகரத்தையே நடத்துத மூளை, போறேன் வாரேன் தெரியாமயா இருக்கும்? வால்வுல அடைப்பு. எழுதிக் குடுத்திருக்கேன். இன்னைக்கு நடையே அந்த ஆபீசுக்குத்தான், போய்க் கேக்கேன்."

"ஐயையோ, சொல்லாதீரும்!" என்று நான் வாயைப் பொத்தப் போவதற்குள் வாசற்காதுப் பக்கம் திரும்பி முழங்கிவிட்டார். "போறேன்!"

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல நடந்துவிட்டு வந்தபோது அவர் கதவில் பச்சை எழுத்தில் அறிவிப்பு ஓடியது. பத்தொன்பது நாள் ஆளில்லாத வீடு கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இன்று மாலை ஆறு மணிக்குப் பூட்டப்பட்டு, காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு வழங்கப்படும்.

இங்கர்சால் போன் போட்டார். பசுமதியே தேன் மாதிரிக் குரலில் பேசியது.

"வணக்கம். மேல்முறையீட்டை அந்த வீட்டில் வசிப்பவர் மட்டுமே செய்ய முடியும்."

"நான்தான் வசிக்கேன்!"

"9-பி வீட்டில் வசிப்போர்: கழித்தல் பத்தொன்பது. அவர்களில் ஒருவரைப் பேசச் சொல்லவும்."

"கழித்தல்ல இருக்கவன் எப்படிம்மா பேசுவான்?"

"நல்ல கேள்வி. வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

அவர் போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்தார். தண்ணீர் நின்ற நாளிலிருந்து அந்த மனிதன் எத்தனை மனு எழுதியிருப்பார் தெரியுமா? ஒரு மூட்டை. ஒவ்வொன்றிலும் வரைபடம், அளவு, வால்வின் குறுக்குவெட்டு. அத்தனைக்கும் ஒரே பதில்: ஆளில்லாத வீட்டிலிருந்து வரும் மனுக்கள் ஏற்கப்படாது.

வீட்டைப் பூட்டினால் பூட்டியதுதான். பட்டியலில் மறுபடி சேர்ந்து காத்திருக்கப் பதினோரு வருடம். மணிமொழியம்மாவுக்கு டாக்டர் சொல்லியிருந்த கணக்கில் பதினோரு வருடம் இல்லை. "எங்க வீட்டுல வந்து இருங்க" என்று ரெஜினா கூப்பிட்டாள். அந்த அம்மா மூச்சு வாங்க, "நான் இந்தக் கட்டில விட்டு இறங்க மாட்டேன் ரெஜினா. என் வீடு இது" என்றுவிட்டார்.

மணி நாலே முக்கால். நான் இங்கர்சாலின் கையைப் பிடித்தேன். "நம்ப வேண்டாம் வே. சோதனையா நெனச்சு இந்தத் தகடு முன்னால நின்னு வாரேன், வாரேன்னு இருபது தடவ சொல்லும். உமக்கு என்ன நட்டம்?"

சோதனை என்றதும் சர்வேயர் கொஞ்சம் இளகினார். தகடு முன்னால் நின்றார். தொண்டையைக் கனைத்தார். "வாரேன் வாரேன் வாரேன்" என்று இருபது முறை, மூச்சு விடாமல், நில அளவு வாசிப்பது மாதிரி வாசித்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "போதுமா? நான் உள்ள போறேன்" என்றார்.

கடைசி வினைச்சொல்!

எண்ணிக்கையை மணிக்கு ஒருமுறைதான் கதவில் காட்டும். ஐந்து மணிக்குப் புது எண் வந்தது. கழித்தல் இருபது.

"பாத்தீரா? இருபது தடவ சொல்லியும் ஏறல. ஒண்ணு குறைஞ்சிருக்கு. உம்ம கதை பொய்" என்றார், வெற்றி பெற்றவர் மாதிரி. ஆனால் உள்ளே போய் மனைவியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். பூட்டும்போது எடுத்துப் போக.

எனக்கு அந்த மடிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை. திரும்பினால் எங்கள் வீட்டு ஹால் நிறைய ஜெபக்கூட்டம். முப்பத்திரண்டு பெண்கள், கண்ணை மூடிப் பாட்டு. என் பழைய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினேன். பாட்டு நின்றது.

"எல்லாரும் எந்திரிங்க! ஒத்த வரிசை! எதிர்வீட்டு வாசல்ல நின்னு மணிமொழியம்மாகிட்ட ஆளுக்கு ஒரு தடவ 'போயிட்டு வாரேன்' சொல்லணும். அதுக்கப்புறம் ஒரு எழுத்து பேசக் கூடாது. யாராவது மாத்திச் சொன்னீங்க, நடு ரோட்டுல இறக்கி விட்டுருவேன்!"

ஆஷிகா பானுவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அலுவலகத் திரையில் அவளுக்கு உடனுக்குடன் தெரியும்.

"போயிட்டு வாரேன் மணியக்கா." விசில். "போயிட்டு வாரேன்." விசில். "கழித்தல் பதினெட்டு சார்" என்றது போன். பாக்கியம் என்ற அம்மாள், "போயிட்டு வாரேன் மணி, அடுப்புல பருப்பு வச்சிட்டு வந்தேன், நான் போறேன்" என்று சொல்ல, "பத்தொம்பது ஆயிருச்சு சார்!" என்று போன் அலற, அவளைப் பிடித்து இழுத்து வரிசையின் கடைசியில் நிறுத்தினேன். இரண்டு முறை சொல்ல வைத்தேன்.

ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கூட்டல் பன்னிரண்டு. பெண்கள் எல்லோரும் லிப்டுக்குள் அடைந்துகொண்டார்கள். பருப்பு தீய்கிற பதற்றம். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரிப்பு. முப்பத்தொரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? விசிலை நீட்டி ஊதி, 9-பி நிலையை இரண்டு தட்டுத் தட்டி, கத்தினேன்.

"போலாம் ரைட்!"

லிப்ட் இறங்கியது. போனில் ஆஷிகா பானு.

"சார்... என்ன சொன்னீங்க?"

"ஏம்மா?"

"'போலாம்'னா கூட்டு வெளியேற்றம் சார். வீட்டுல இருக்க எல்லாரும் போயிட்டாங்கன்னு எடுத்துக்கிருச்சு. பூஜ்யம்!"

ஐந்து ஐம்பத்தெட்டு. கதவின் பூட்டு, வெறும் வாயை மெல்வது போல உள்ளுக்குள் சுழன்று பார்த்தது. நான் வாயைத் திறந்தேன். ரெஜினா ஓடிவந்து ரெண்டு கையாலும் பொத்திவிட்டாள். "நீங்க பேசவே கூடாது! இன்னொரு ரைட் வந்துரும்!" அவள் கைக்குள் நான் 'வாரேன்' என்று கத்த, அது 'ம்ம்ம்' என்று போயிற்று. அவளுக்குத் தானே சொல்லலாம் என்று தோன்றவில்லை. என்னைப் பொத்துவதிலேயே மும்முரம்.

அப்போது உள்ளிருந்து ஒரு குரல். கட்டிலில் ஒருக்களித்து எழுந்து, மூக்குக் குழாயைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்து மணிமொழியம்மா சொன்னார். தெளிவாக, சத்தமாக.

"வாரேன்."

மடித்துக்கொண்டிருந்த சேலை இங்கர்சாலின் கையிலிருந்து விழுந்தது. அவருக்கு எண்ணிக்கை, பூட்டு, பசுமதி எதுவும் ஞாபகம் வரவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர் ஒருவர் திடீரென்று வாரேன் என்று சொன்னால் என்ன அர்த்தமோ, அந்த அர்த்தம்தான் வந்தது.

"மணி! எங்க போற? ஏய்! எங்க போற நீ?"

"எங்கயும் போகல" என்றார் அவர், இரைக்க இரைக்க. "வாரேன்னுதான சொன்னேன்."

ஆறு மணி. கதவில் எண் மாறியது. வசிப்போர்: ஒன்று. பூட்டு பின்வாங்கியது. தண்ணீர்க் குழாய் இருமிற்று. விளக்கு எரிந்தது.

நான் ரெஜினாவின் கையை விலக்கி, "இப்ப என்ன சொல்லுதீரு?" என்றேன்.

இங்கர்சால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணை உற்றுப் பார்த்தார். "ஒண்ணுன்னு காட்டுது. நாங்க ரெண்டு பேரு. அப்ப மெஷினு தப்பு. வால்வு அடைப்பு எடுத்திருக்கானுவ, அவ்வளவுதான்."

அவர் ஒத்துக்கொள்ளாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ரெஜினா எழுந்து இதை அற்புதம் என்று சாட்சி சொல்லிவிட்டாள். ஜெபக்காரர்கள் தன் வீட்டைக் காப்பாற்றினார்கள் என்று இங்கர்சால் ஒத்துக்கொள்வதா? டீக்கடையில் நான் நானூற்றுப் பன்னிரண்டு என்று ஆரம்பித்தாலே, "கண்டக்டர் கதை, டிக்கெட் வாங்காம கேளுங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நாலு மாதம் இந்த அவமானத்தைத் தாங்கினேன். பட்டயமும் சுவரிலேயே தொங்கியது. ஆளுக்கு ஒரு டம்ளர் ஆகிவிட்டதாம், இரண்டாவது தடவையும் பரிசு.

தினமும் காலையில் அவர் அதே "போறேன்" சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் 9-பி-யில் எண் ஒன்றிலிருந்து இறங்கவே இல்லை. எனக்கே அது புரியவில்லை.

மழை மேகம் கட்டியிருந்த ஒரு காலை. அவர் இறங்கிப் போய், குடையை மறந்து திரும்பி வந்தார். நான் எங்கள் கதவு இடுக்கில் நின்றிருந்தேன், சும்மாதான். அவர் வாசலுக்கு நாலடி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே மணிமொழியம்மா, ஆள் போய்விட்டார் என்று நினைத்து, குழாயைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்து, மூச்சை முழுக்க இழுத்துச் சேர்த்து வாசலுக்குச் சொன்னார்.

"வாரேன்."

சொல்லிவிட்டு இருமினார். ரொம்ப நேரம் இருமினார். நாலு மாதமாக அவர் ஒன்றைக் கழிக்க, இவர் ஒன்றைக் கூட்டியிருக்கிறார்.

இங்கர்சால் குடையை எடுக்கவில்லை. சத்தமில்லாமல் கீழே இறங்கி நனைந்தார்.

மறுநாள் காலை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"மணி."

"ம்?"

"போயிட்டு வாரேன்."

உள்ளிருந்து அந்த அம்மாவின் குரல், இருமல் இல்லாமல். "சரி. வாங்க."

மணி ஏழு அடித்தது. கதவில் எண் மாறியது. வசிப்போர்: இரண்டு. பொருநை நகரிலேயே அந்த ஒரு மணி நேரம் சரியான எண் காட்டிய ஒரே வீடு அதுதான். மறுநாள் மூன்று ஆகிவிடும் என்பது வேறு விசயம்.

"வே கண்டக்டரு, கதவுக்குப் பின்னால மூச்சு விடுத சத்தம் கேக்கு. வெளிய வாரும்."

போனேன். சட்டைப் பையிலிருந்து சர்வே நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். நாலு மாதம், மணிக்கு மணி, எண்ணிக்கை. பென்சிலில் கோடு போட்டு, தேதி போட்டு.

"அன்னைக்கே ஆரம்பிச்சுட்டேன். இந்த எண்ணு ஏன் இறங்காம நிக்குதுன்னு ஒண்ணுதான் விளங்காம இருந்துச்சு. நேத்து விளங்கிருச்சு." நோட்டை மூடினார். "அவ மூச்ச இதுக்கு வேற செலவழிக்க வேண்டாம். அதுக்குத்தான் சொன்னேன்."

"அப்ப அந்த நானூத்திப் பன்னெண்டு?"

லிப்ட் வந்து நின்றது. உள்ளே ஏறி, என்னைப் பார்க்காமல், மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நடந்ததுதான் வே. உம்ம நானூத்திப் பன்னெண்டும் நெசம், என் கழித்தல் பத்தொம்பதும் நெசம்."